ஐந்து அடையாளங்களில் மூன்று

மென்பொருள் துறையில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவரும் ஓட்டிப் பார்த்த பிறகே அது தேறியதாகக் கொள்வோம். "என் கணினியில் ஓடுகிறதே" என்பது எங்களிடையே பழைய கேலி. புற்றுநோய் ஆய்வின் அண்மை வரலாற்றை நான் படிப்பதும் இந்தத் தொழில் புத்தியோடுதான். ஓர் ஆய்வகத்தில் கண்டது அடுத்த ஆய்வகத்திலும் தெரிகிறதா?

கோரையை மேலே அறுத்தால் போதாது. கிழங்கைத் தோண்ட வேண்டும். புற்றுநோய் ஸ்டெம் செல் கொள்கையும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. கட்டியிலுள்ள எல்லா செல்களும் சமமல்ல, ஒரு சிறு கூட்டமே அதை மறுபடி முளைக்க வைக்கிறது. 1994இல் டொராண்டோவில் ஜான் டிக் குழுவினர் ரத்தப் புற்றில் இதைக் காட்டினார்கள். 2003இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு மார்பகப் புற்றில் காட்டியது. குறிப்பிட்ட வகைச் செல்கள் 100 இருந்தாலே எலியில் கட்டி வளர்ந்தது. மற்ற வகையில் பல்லாயிரம் செலுத்தியும் வளரவில்லை.

2008இல் அதே பல்கலைக்கழகத்தில் ஷான் மாரிசன் குழுவினர் மெலனோமா என்ற தோல் புற்றை எடுத்துக்கொண்டார்கள். நோயெதிர்ப்பு இன்னும் குறைந்த எலிகளைப் பயன்படுத்தியதும், ஏறத்தாழ நான்கில் ஒரு செல் கட்டியை உண்டாக்கியது. அரிதானவை என்று எண்ணப்பட்ட செல்கள், அந்தப் புற்றில் அரிதானவையே அல்ல. எலியை மாற்றியதும் கணக்கும் மாறிவிட்டது.

2010இல் ஆம்ஸ்டர்டாம் குழுவொன்று, குடல் புற்றின் ஸ்டெம் செல்களை 'விண்ட்' என்ற சமிக்ஞையின் வீரியத்தால் அடையாளம் காணலாம் என்று எழுதியது. அந்த வீரியத்தோடு செல் மேற்பரப்பின் ஐந்து அடையாளங்கள் பொருந்தி வந்தன. 2013இல் தொடங்கிய மறுசோதனைத் திட்டம் ஒன்று இந்த ஆய்வையும் தேர்ந்தெடுத்தது. சோதனை முறையை முன்கூட்டியே எழுதி, மதிப்பீட்டுக்கு உட்படுத்தி வெளியிட்டுவிட்டு அதன்பிறகே ஆய்வகத்தில் இறங்கினார்கள். முடிவைப் பார்த்துவிட்டு விதியை மாற்ற வழியில்லை.

2019இல் விடை வந்தது. ஐந்து அடையாளங்களில் மூன்று பொருந்தின, இரண்டு பொருந்தவில்லை. வளர்ப்புத் தட்டில் விண்ட் மிகுந்த செல்களே அதிகம் பெருகின. இது முதல் ஆய்வின் திசைதான். ஆனால் எலிகளில், விண்ட் மிகுந்த செல்களுக்கும் குறைந்த செல்களுக்கும் கட்டி உண்டாக்குவதில் வேறுபாடு தெரியவில்லை. சுற்றியுள்ள திசுச் செல்கள் சுரப்பவை கட்டி வளர உதவுகின்றன என்ற கூற்றின் திசை மட்டும் அங்கேயும் தெரிந்தது.

இதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? இரண்டும் பொருந்தாது. மோசடி என்று சொல்லவும் இதில் ஆதாரம் ஏதுமில்லை. எந்தப் பகுதி உறுதி, எது இன்னும் ஆட்டம் காண்கிறது என்று பிரித்துக் காட்டியதே இதன் பயன்.

முழுத் திட்டத்தின் கணக்கு 2021இல் வெளியானது. 53 கட்டுரைகளிலிருந்து 193 சோதனைகளைச் செய்ய நினைத்தவர்கள், 23 கட்டுரைகளின் 50 சோதனைகளையே முடித்தார்கள். மூல ஆசிரியர்களிடம் விவரம் கேட்காமல், கட்டுரையை மட்டும் படித்துத் திருப்பிச் செய்யும் அளவுக்கு ஒரு சோதனைகூட எழுதப்பட்டிருக்கவில்லை. எங்கள் துறையில் குறிப்பேடு இல்லாத நிரலை யாரும் வாங்கமாட்டார்கள்.

'புற்றுநோயின் வேரைக் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்ற செய்தி நம் குடும்ப வாட்ஸப் குழுக்களில் அடிக்கடி வந்து விழுகிறது. அங்கே யாரோ ஒரு சித்தி சிகிச்சையில் இருப்பார். அவர் அதை நம்பிக்கையோடு படிப்பார். அனுப்புவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்வது அவருக்கு நாம் செய்யும் மரியாதை: இதை வேறு யாராவது செய்து பார்த்தார்களா?