சேறு படிந்த காக்கிச் சட்டை

தளபதிகளைப் பற்றி இந்தத் தொடரில் நிறையவே எழுதியாயிற்று. இந்த வாரம், அவர்கள் நடத்திய முதல் உலகப் போரின் சுமையைச் சுமந்த ஒரு பெண்ணைப் பற்றி.

1915 டிசம்பர் 26 காலை. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில், கடலோர கிராண்ட் ஹோட்டலில் காத்திருந்தார் வேரா பிரிட்டன். ஆக்ஸ்ஃபோர்டு படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, தொண்டர் செவிலியாகச் சேர்ந்தவர். அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த ரோலண்ட் லெய்ட்டன் பிரான்ஸ் போர்முனையிலிருந்து கிறிஸ்துமஸ் விடுப்பில் வரவேண்டும். தொலைபேசி அழைப்பு என்றதும், வந்து இறங்கிவிட்டார் என்றே நினைத்து ஓடினார். ஆனால் வந்தது மரணச் செய்தி. எபுடெர்ன் கிராமத்தருகே இரவில் முள்வேலியைப் பார்க்கப் போன ரோலண்ட், மறைந்திருந்து சுட்டவனின் குண்டுக்கு இரையாகி 23ஆம் தேதியே இறந்திருந்தார். வயது 20.

அடுத்த மாதம் ரோலண்டின் உடைமைகள் அவருடைய பெற்றோர் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. மூட்டையைப் பிரித்தபோது வேராவும் அங்கே இருந்தார். குண்டு துளைத்த மேல்சட்டை, ரத்தம் உறைந்து கறுத்த உள்சட்டை, பிரான்ஸின் சேறு அப்பிய கால்சட்டை. அறை முழுக்கப் பிண வாடை. அந்தத் துணிகளைக் கண்முன்னிருந்து எடுத்துப் போகச் சொல்லிவிட்டார் ரோலண்டின் தாய். வீரமரணம், தியாகம் என்று செய்தித்தாள்கள் எழுதிக்கொண்டிருந்ததெல்லாம் உண்மையில் எப்படி இருக்கும் என்பதை வேரா அன்று பார்த்தார். தம்பி எட்வர்டுக்கு அதை அப்படியே கடிதமாக எழுதினார்.

பிறகு மால்டா தீவின் ராணுவ மருத்துவமனையில் வேலை. 1917 ஏப்ரலில், நண்பர்களில் விக்டர் போரில் பார்வையிழந்தார், ஜெஃப்ரி கொல்லப்பட்டார். விக்டரை மணந்து துணையாக இருப்பது என்று முடிவெடுத்து ஊர் திரும்பினார் வேரா. ஜூன் மாதம் விக்டரும் போய்விட்டார்.

அழுதுகொண்டு வீட்டில் இருக்கவில்லை அவர். பிரான்ஸில் எடாப்பிள் முகாமுக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்தது, காயம்பட்ட ஜெர்மன் கைதிகளின் வார்டு! தம்பி அந்தப் பக்கம் ஜெர்மானியரோடு போரிட, அக்கா இந்தப் பக்கம் அவர்களுடைய புண்ணுக்குக் கட்டுப்போட்டார். சாகும் தறுவாயில் எந்த நாட்டுப் பையனும் ஒரே மாதிரிதான் கையைப் பற்றிக்கொள்கிறான். இதை நேரில் கண்ட ஒருவரால் போரை மறுபடி நியாயப்படுத்த முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

போர் ஓய ஐந்தே மாதம் இருக்கையில், 1918 ஜூன் 15 அன்று, இத்தாலியின் ஆசியாகோ பீடபூமியில் எட்வர்டும் இறந்தார்.

இத்தனையையும் அவர் புத்தகமாக எழுதி வெளியிட்டது 1933இல். போரை எதிர்த்த அவர், அடுத்த உலகப் போர் வந்தபோதும் மாறவில்லை. ஜெர்மன் நகரங்களின் மீது பிரிட்டன் நடத்திய குண்டுவீச்சைக் கண்டித்து 1944இல் எழுதினார். எதிரிக்குப் பரிந்து பேசுகிறார் என்று வசை குவிந்தது. போர் முடிந்ததும் நாஜிகளின் பட்டியல் ஒன்று சிக்கியது. பிரிட்டனைப் பிடித்தால் உடனே கைதுசெய்ய வேண்டியவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. வேரா பிரிட்டனின் பெயரும் இருந்தது.

(தொடரும்)