பூங்கா நகரத்தின் வேர்கள்

நண்பர்களே, கல்லூரிச் சுற்றுலாவில் பெங்களூர் போனோமே, ஞாபகம் இருக்கா? லால்பாக் கண்ணாடி மாளிகை முன்னால் குரூப் போட்டோ எடுத்ததோடு சரி!

1760-ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் அது. மாளிகைக்கு அடிக்கல் 1889-ல். ஒரு மரம் பூத்து ஓய்ந்தால் இன்னொன்று பூக்கும்படி சாலையோர மரங்களை வைத்தவர், 1908-ல் வந்த ஜெர்மானியர் க்ரும்பீகல்.

அவருக்கு முன்பிருந்தே ஏரித் தண்ணீரை நம்பி நகரத்துக்குப் பூவும் காய்கறியும் விளைவித்தவர்கள் திகளர்கள். தமிழ் வேர் கொண்ட தோட்டக்காரர்கள். இன்று சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா ஸ்டேடியம். மிச்சமிருக்கும் சின்னக் குளத்தில்தான் ஆண்டுதோறும் அவர்களுடைய கரகச் சடங்கு நடக்கிறது.

தம்பி தங்கைகளே, அடுத்த டூரில் பூவோடு திரும்பிடாதீங்க. அந்தக் குளத்தையும் பார்த்துட்டு வாங்க. ஊரோட ஞாபகம் அங்கேதான் தேங்கி நிற்குது.