சிரம்பியடியும் நம் பிள்ளைகளும்



போன கிழமை வகுப்பில் ஒரு மாணவன் இன்னொருவனை "காப்பிரி" என்று கூப்பிட்டான். வகுப்பே சிரித்தது. கறுத்த நிறமும் சுருட்டை முடியும் உள்ள அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். பாடப்புத்தகத்தை மூடிவிட்டு, அன்று சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

அந்தச் சொல் அரபியின் "காஃபிர்"தான். கிழக்காபிரிக்கக் கரையில் முஸ்லிமல்லாதவர்களை அரபு வணிகர்கள் அப்படி அழைத்தார்கள். போர்த்துக்கேயர் அதை எடுத்து ஆபிரிக்கருக்கே பெயராக்கினார்கள். அந்த மக்கள் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வார்கள். நாம் கேலிக்குச் சொல்வது வேறு.

ஆபிரிக்கர் இங்கு வந்த கதை பழையது. 1344இல் நமது புத்தளத்தில் இறங்கிய இப்னு பதூதா, கொழும்பில் ஜாலஸ்தி என்பவரிடம் 500 அளவில் ஹபஷிகள் இருந்ததாக எழுதியிருக்கிறார். பின்னர் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அவர்களை அடிமைகளாகவும் படையாட்களாகவும் கொண்டுவந்தார்கள். பிரித்தானியர் ஆபிரிக்கரைக் கொண்டே ஒரு படைப்பிரிவு வைத்திருந்தார்கள். படை கலைந்த பின் புத்தளத்தில் தங்கியவர்களின் சந்ததிதான் இன்று சிரம்பியடியில் வாழ்கிறது.

அவர்களின் மஞ்ச பாட்டைக் கேட்க வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த ஊர்ப் பொடியன் நேர்முகப் பரீட்சைக்குப் போனால் நிமிர்ந்து பதில் சொல்வானா என்று நம்மில் யார் யோசித்தோம்?

யோசித்த மனிதர் ஒருவர் நம் சமூகத்தில் இருந்தார். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ், 1935இல் சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம். தான் கரைசேர்ந்தது போதும் என்று இருக்கவில்லை. கல்முனையில் கடமையாற்றியபோது வறுமையால் படிப்பை விடும் பிள்ளைகளைக் கண்டார். 1945இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். 1948இல் சிவில் சேவையையே விட்டுவிட்டு கொழும்பு ஸாஹிராவின் அதிபரானார். 1950இல் வை.எம்.எம்.ஏ. இயக்கத்தைத் தொடங்கினார். அவருடைய ஸாஹிராவில் படித்தவர்தான் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி. ஆளைப் பார்க்காமல் ஆற்றலைப் பார்த்தார்.

நம் கரைத்தீவிலும் சா/தவோடு படிப்பை விட்டு, கடலுக்கோ உப்பளத்துக்கோ போகும் பிள்ளைகள் உண்டு. கடல் தொழிலும் உப்பளமும் குறைவானவை அல்ல. வேறு வழி தெரியாமல் போவதுதான் கவலை. விண்ணப்பம் நிரப்பவும் நாலு பேர் முன் பேசவும் சொல்லிக்கொடுக்க ஒரு நானா இருந்தால் போதும்.

அரச தொழிலில் இருப்பவர்கள், வெளிநாடு போய் வந்தவர்கள் சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் தாருங்கள். நான் வகுப்பறை தேடித் தருகிறேன். சிரம்பியடிப் பிள்ளைகளையும் கூப்பிடுவோம். அவர்கள் பேசுவது சிங்களம். கூச்சம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

அதற்கு முன் ஒன்று: அந்தச் சொல்லைப் பிள்ளைகள் வீட்டில்தான் கேட்டுப் பழகுகிறார்கள். முதலில் அதை நிறுத்துவோம்.