சிறுநீரகத் திசுப் பரிசோதனை: மருத்துவமனைக்கு மருத்துவமனை முறை மாறுவது ஏன்?

சிறுநீரகத்தில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்ன அன்றே வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். பிறையில் இருக்கும் மாமா, தாம் ஓர் இரவு முழுவதும் அசையாமல் மல்லாந்து கிடந்ததாகச் சொல்வார். கோலாலம்பூரில் இருக்கும் அக்காள் மகள், காலையில் போய் மாலையே வீடு திரும்பியதாகச் சொல்வாள். ஒருவருக்கு ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே ஊசி போட்டிருப்பார்கள். இன்னொருவருக்கு ஸ்கேனில் இடத்தைப் பார்த்து, முதுகில் பேனாவால் குறியிட்டு, பிறகு குத்தியிருப்பார்கள். யாரோ தவறாகச் செய்கிறார்கள் என்ற பயத்தில் சிலர் தேதியைத் தள்ளிப்போடுகிறார்கள்.

சில நோய்களில் அந்தத் தாமதம்தான் பெரிய ஆபத்து. வேகமாகப் பரவும் சிறுநீரக அழற்சியில் சில வாரங்களிலேயே சிறுநீரகம் செயலிழந்துவிடும். எந்த மருந்து கொடுப்பது என்பதைப் பெரும்பாலும் திசுவைப் பார்த்தே முடிவு செய்வார்கள்.

இந்தப் பரிசோதனை ஒரே முறையாகத் தொடங்கியதும் இல்லை. சுவீடனில் நில்ஸ் ஆல்வால் 1944இல் ஊசியால் திசு எடுக்கத் தொடங்கினார். ஒரு நோயாளி இறந்ததும் நிறுத்திவிட்டார். 1951இல் டென்மார்க்கின் இவெர்சனும் புரூனும் நோயாளியை உட்கார வைத்து எடுத்தார்கள். 1954இல் சிகாகோவில் கார்க், மியூர்க்கி இருவரும் நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, வேறு வகை ஊசியைப் பயன்படுத்தினார்கள். பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் போதிய திசு கிடைத்தது. இன்றும் பெரும்பாலோர் குப்புறத்தான் படுக்கிறார்கள். மாற்றுச் சிறுநீரகம் அடிவயிற்றில் இருப்பதால் அதைப் பெற்றவர்கள் மட்டும் மல்லாந்து படுப்பார்கள்.

ஊசியின் பருமனும் மாறும். 14, 16, 18 கேஜ் என்று மூன்று அளவுகள் உண்டு. எண் குறைந்தால் ஊசி தடிமன். தடித்த ஊசியில் திசு நிறையக் கிடைக்கும், இரத்தக் கசிவும் கூடலாம். மெல்லிய ஊசியில் திசு போதாமல் மறுபடி குத்த நேரலாம். அதனால் பலர் நடுவில் உள்ள 16ஐ விரும்புகிறார்கள். ஊசி போடுபவர் ஓரிடத்தில் சிறுநீரக நிபுணர், இன்னோரிடத்தில் கதிரியக்க நிபுணர்.

எவ்வளவு நேரம் மருத்துவமனையில் இருப்பது என்பதில்தான் வாதம் அதிகம். 2004இல் வெளிவந்த, 750 பரிசோதனைகளை ஆராய்ந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு எட்டு மணி நேரத்துக்குப் பிறகே தெரிந்தது. இரவு தங்க வைப்பதற்கு அதுவே காரணம். ஆபத்துக் குறைந்தவர்களை அன்றே அனுப்பும் மருத்துவமனைகளும் உண்டு. ஆனால் இரவில் வலி வந்தால் மருத்துவமனைக்கு விரைய வண்டி வேண்டும். தோட்டத்தில் தனியாக இருக்கும் முதியவருக்கு இரவு தங்குவதே நல்லது. அதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

ஆபத்து எவ்வளவு? உலகெங்கும் நடந்த 1 லட்சத்து 18 ஆயிரம் பரிசோதனைகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டு ஆய்வின்படி, சிறுநீரில் இரத்தம் கண்ணுக்குத் தெரிந்தது 3.5 விழுக்காட்டினருக்கு. இரத்தம் ஏற்ற வேண்டி வந்தது 1.6 விழுக்காட்டினருக்கு. இறப்பு பத்தாயிரத்தில் ஆறு. ஆண்டுக்கு முப்பதுக்கும் குறைவாகச் செய்யும் இடங்களில் சிக்கல் கூடுதல் என்று நார்வே நாட்டுப் பதிவேடு காட்டியது. மாவட்ட மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் அலைக்கழிப்பதாக எண்ண வேண்டாம்.

இனிப்புநீர் உள்ள எல்லாருக்கும் இது தேவையா என்றால், இல்லை. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் வயது வந்த மலேசிய இந்தியர்களில் பத்தில் மூன்று பேருக்கு இனிப்புநீர் இருந்தது. பல ஆண்டு நோய், கண்ணிலும் பாதிப்பு, சிறுநீரில் புரதம் மெல்ல மெல்லக் கூடுகிறது என்றால் பெரும்பாலும் ஊசி இல்லாமலேயே காரணம் புரிந்துவிடும். புரதம் திடீரென்று ஏறினாலோ சிறுநீரில் இரத்தம் கலந்தாலோதான் வேறு நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். லூப்பஸ் உள்ள இளம்பெண்களுக்கு நோய் எந்த வகுப்பு என்பதைத் திசுவே சொல்லும். குழந்தைகளுக்கு உடல் வீங்கிப் புரதம் போனால் முதலில் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பதே வழக்கம்.

எங்கே செய்தாலும் மாறக்கூடாதவை சில உண்டு. இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும். 140/90க்கு மேல் இருந்தால் தள்ளிவைப்பது பாதுகாப்புக்காகவே. இரத்தம் உறையும் தன்மையைச் சோதித்திருக்க வேண்டும். ஆஸ்பிரின், வார்ஃபரின், கடையில் வாங்கிய வலி மாத்திரை, மீன் எண்ணெய், நாட்டு மருந்து, ஜாமு எதுவானாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது.

வீடு திரும்பிய பின் சிவப்புச் சிறுநீர், கட்டியாக இரத்தம், விலாவில் கடும் வலி, தலைசுற்றல், சிறுநீர் வராமை இவற்றில் எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒன்றிரண்டு வாரம் பாரம் தூக்கக்கூடாது. செம்பனைக் குலை வெட்டுபவரும் தொழிற்சாலையில் பெட்டி தூக்குபவரும் வேலையின் தன்மையைச் சொல்லி அதற்கேற்ப எம்.சி. கேட்கலாம்.

முடிவு வரும் நாளும் மாறும். சாதாரண நுண்ணோக்கி முடிவு சில நாளில் வந்துவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கி எல்லா இடத்திலும் இல்லாததால் திசு வெளியே போய்வர வாரங்கள் ஆகலாம். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வைத்திருந்தால், பினாங்குத் தீவுக்கோ தலைநகருக்கோ மாற்றினாலும் புதிய மருத்துவர் அதைப் பார்த்தே சிகிச்சையைத் தொடரலாம்.