முகமூடியும் ஊமமும் (நாடகப் பயிற்சி)

மாணவரின் முகத்தையும் பேச்சையும் சிறிது நேரம் விலக்கிவைத்து, உடலால் மட்டும் ஒரு பாத்திரத்தைத் தேடவைக்கும் நடிப்புப் பயிற்சிமுறை. பேச்சில்லா நடிப்பை ஈழத்து அரங்கில் ஊமம் என்றும் தமிழகத்தில் பெரும்பாலும் மைம் என்றும் வழங்குவர்.

இன்றைய வகுப்பறை வடிவம் பிரான்சிலிருந்து வந்தது. 1913இல் பாரிசில் வியூ கொலம்பியே அரங்கைத் தொடங்கிய ஷாக் கோப்போ, கூச்சத்தால் விறைத்துநின்ற நடிகை ஒருவரின் முகத்தைக் கைக்குட்டையால் மூட, அவர் உடல் இளகியதாகச் சொல்வதுண்டு. கோப்போவின் வழியில் வந்த எத்தியன் தெக்ரூ ஊமத்தைத் தனிக்கலையாக வளர்த்தார். அவரிடம் பயின்றவர் மார்செல் மார்சோ. 1956இல் பாரிசில் பள்ளி தொடங்கிய ஷாக் லெகோக், சிரிப்போ அழுகையோ காட்டாத தோல் முகமூடியைப் பயிற்சியின் முதற்படியாக்கினார். அதைச் செய்துகொடுத்தவர் இத்தாலியச் சிற்பி அம்லெத்தோ சர்த்தோரி.

தமிழ்நாட்டுக் கூத்தில் முகமூடியைவிட அரிதாரத்துக்கே இடம் அதிகம். மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தின் நரசிம்ம முகமூடி வழிபாட்டுக்குரியது. அதைப் பயிற்சிப் பொருளாகக் கருத முடியாது. எனினும் திருச்செந்தூர் சூரசம்ஹாரத்தில் சூரனுக்கு யானைத் தலையும் சிங்கத் தலையும் மாறிமாறி வருவதைக் கண்ட பிள்ளைக்கு, முகம் மாறினால் ஆளும் மாறுவார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

முகமூடி செய்ய அதிகச் செலவில்லை. ஊதிய பலூன்மேல் செய்தித்தாள் துண்டுகளை மைதாப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்து, பாதியாக வெட்டி, கண்ணுக்கும் மூச்சுக்கும் துளையிட்டால் போதும். பார்வையாளருக்கு முதுகு காட்டி அணிய வேண்டும். அணிந்தபின் அதைக் கையால் தொடுவதும் பேசுவதும் கூடாது. கண்ணை மட்டும் உருட்டினால் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. பார்வை திரும்பும் பக்கம் தலையும் திரும்ப வேண்டும்.

பாத்திரம் பிறப்பது தொழிலிலும் நடையிலும். தென்காசி மாவட்டத்தில் பலர் கண்டு வளர்ந்த பீடி சுற்றுதலையே எடுத்துக்கொள்ளலாம். மடியில் முறம், கத்தரியால் இலை வெட்டுதல், தூள் வைத்து உருட்டுதல், நுனி மடக்குதல், நூல் கட்டுதல். எந்தப் பொருளும் கையில் இல்லை. ஆனால் முறம் இருக்கும் உயரம் கடைசிவரை மாறக்கூடாது. இதையே முதலில் பல்லாண்டுகள் சுற்றிப் பழகிய பாட்டியாகவும், பிறகு இன்றுதான் கற்கும் மருமகளாகவும் செய்யவேண்டும். பாட்டியின் விரல்கள் தாமாக ஓடும், பார்வை தெருவில் இருக்கும். மருமகளின் மூச்சே இலையில் நிற்கும். சுற்றிக் கொடுத்த பீடிகளில் சிலவற்றைத் தரமில்லையென்று பீடிக்கடைக்காரர் கழிக்கும்போது இருவர் தோளும் எப்படி இறங்குகின்றன என்பதில்தான் குணம் தெரியவரும். இந்த இடத்துக்கு வேண்டிய நேரத்தை வகுப்பு தாராளமாகத் தரவேண்டும்.

வழக்கமான குறை, சொல்லுக்குச் சொல் சைகை காட்டுவது. அது புதிராகிவிடும், நடிப்பாகாது. முதுமையையும் உடற்குறையையும் கேலியாக்குவது அதைவிடப் பெரிய பிழை. முகமூடிக்குள் மூச்சுமுட்டுகிறது, பயமாக இருக்கிறது என்பவரை வற்புறுத்தலாகாது.

தமிழ் நாடகக் கல்வியைப் பொறுத்தவரை, இலங்கையில் நாடகமும் அரங்கியலும் பள்ளித் தேர்வுப் பாடம். குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். சென்னையில் நா. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, தெருக்கூத்திலிருந்து நடிகரின் உடலைப் பழக்கியது.

பயிற்சியின் கடைசிப் படியில் முகமூடியைக் கழற்றி, அதே உடலோடு ஒரு வரி மட்டும் பேசச் சொல்வர். பாட்டியின் முதுகோடு மாணவரின் அன்றாடக் குரல் வந்துவிட்டால், மீண்டும் முகமூடியிலிருந்து தொடங்க வேண்டும்.