பயறு: ஒரு சொல்லின் வரலாறும் ஓர் உணவின் பரவலும்

பச்சைப்பயற்றின் வரலாற்றை ஆராயப் புகுவோர் தாவரவியற் பெயரிலேயே முதல் இடறலைச் சந்திக்கின்றனர். வடஇந்தியர் 'மூங்' என வழங்குவது இப்பயற்றையே. ஆயினும் லின்னேயஸ் 1767இல் இட்ட 'முங்கோ' என்னும் பெயர் இன்று உளுந்துக்கு உரியதாக நிற்கிறது; பச்சைப்பயறோ அவர் 1753இல் இட்ட பெயரின் வழியில் 'ரேடியேட்டா' எனப்படுகிறது. நூற்பெயர் இங்ஙனம் மயங்கினும் மக்கள் வழக்கு தெளிவான சான்று தருகிறது.

தமிழில் 'பயறு', தெலுங்கில் 'பெசர', கன்னடத்தில் 'ஹெசரு' என்பன ஓரினச் சொற்கள். தமிழின் யகரம் ஆண்டுச் சகரமாக நிற்றல் 'பெயர்' என்னும் சொல்லிலும் காணலாகும். அதனால் கன்னடத்தில் 'ஹெசரு' என்பது பெயரையும் பயற்றையும் ஒருங்கே குறிக்கிறது. அவ்விரு மொழிகளிலும் இச்சொல் அடையின்றியே பச்சைப்பயற்றைச் சுட்டும். தமிழிலும் மலையாளத்திலுமோ பொதுப்பெயராக விரிந்து, அடைமொழியை வேண்டி நிற்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பயிர் தட்டைப்பயறு ஆயிற்று. மலையாளத்தார் பச்சைப்பயற்றைச் 'செறுபயர்' என்றனர். எனினும் தமிழில் வாளா 'பயறு' என்னுமிடத்து இன்றும் பச்சைப்பயற்றைக் கொள்ளுதல் உண்டு. ஆகவே சிறப்புப்பொருளே முந்தையது, பொதுப்பொருள் பிந்தையது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

தொல்லியலும் இதற்கு அரணாகிறது. கருநாடகத்துச் சங்கனகல்லு, ஹல்லூர் முதலிய புதிய கற்கால வாழிடங்களில் கரிந்த நிலையில் கிடைத்த விதைகளுள் சிறுதானியங்களோடு கொள்ளும் பச்சைப்பயறும் முதன்மை பெறுகின்றன. நெல் பரவுவதற்கு முன்னரே தென்னிந்தியரின் உணவில் இப்பயறு நிலைபெற்றுவிட்டது.

கிழக்கே சென்ற பயறு பெரும்பாலும் நிறத்தாலேயே பெயர் பெற்றது. சீனத்து 'லுதோ', வியட்நாமின் 'தௌ சான்', மலாயின் 'கச்சாங் ஹிஜாவ்' ஆகிய மூன்றும் பச்சை அவரை என்றே பொருள்படும். 'பச்சைப்பயறு' என்பதும் இவற்றை ஒத்த ஆக்கமே. ஆனால் காரணம் வேறு. அங்கே புதியதொன்றை அடையாளங்காட்ட அடை வேண்டியிருந்தது. இங்கே பழஞ்சொல் பலவற்றுக்கும் பொதுவாகிவிட்டமையால் வேண்டியிருந்தது.

சமையல்முறைகளும் ஒப்புநோக்கத்தக்கன. ஊறவைத்து அரைத்துச் சுடும் ஆந்திரத்துப் பெசரட்டுக்கு நிகராகக் கொரியாவில் பிண்டேத்தோக் உள்ளது. இவ்வொற்றுமை கொண்டே கடன்பேற்றை நிறுவுதல் இயலாது. ஊறிய பயறு எங்கும் எளிதில் அரைபடும். முளைகட்டிய பயற்றைக் காய்போல் வதக்குதலும், மாவுச்சத்தைப் பிரித்துக் கண்ணாடி போன்ற சேமியா செய்தலும் சீனர் வளர்த்த கலைகள். அரிசியோடு பயறு கூடுமிடமே தமிழர்க்கு அணுக்கமானது. வியட்நாமியர் புத்தாண்டில் படைக்கும் 'பான் சுங்' என்னும் அரிசிப் பணியாரத்தின் உள்ளீடு தோல் நீக்கிய பயறே. தைத்திங்கள் பொங்கலில் சேர்வதும் அதுவே. இரண்டிலும் பருப்பு மஞ்சளாகவே தோன்றும். ஆயினும் அங்கே அது 'தௌ சான்', இங்கே 'பாசிப்பருப்பு'. களைந்த தோலின் பசுமை இரு மொழிப் பெயர்களிலும் எஞ்சியிருக்கிறது.