அடைக்கலமும் சான்றும்

சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையிலே கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்புவிக்கின்றார். ஒரு துறவியின் சொல்லே அங்குப் போதிய சான்றாயிற்று. நம் காலத்திலோ அடைக்கலம் வேண்டுவோன் தன் அச்சத்தைத் தானே மெய்ப்பித்தல் வேண்டும். அங்ஙனம் மெய்ப்பிக்கப் புகுந்த ஈழத்தமிழர் வழக்குகள் ஐரோப்பாவின் அகதிச் சட்டத்தையே உருவாக்கிய வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

1983 யூலை 24ஆம் நாளிரவு பொரளையில் மூண்ட வன்செயல் மறுநாள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களுக்கும் பரவிற்று. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமாயிற்று. அதன் பின்னர்ப் பல்லாயிரவர் கடல் கடந்தனர். 1985இல் பிரித்தானியா இலங்கையர்க்கு நுழைவு விசாவைக் கட்டாயமாக்கியது.

1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை, இனம், மதம், நாட்டினம், சமூகக் குழு, அரசியற் கருத்து என்பவற்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோமெனத் தக்க ஆதாரத்தோடு அஞ்சுவோனையே அகதி என்னும். இவ்வச்சத்தை அளப்பது எங்ஙனம்? அஞ்சுவோனின் உள்ளநிலையே போதுமோ, புறச்சான்றும் வேண்டுமோ? 1987 டிசம்பரில், சிவகுமாரன் வழக்கிலே, பிரித்தானியப் பிரபுக்கள் சபை புறச்சான்று வேண்டுமென்றே தீர்த்தது. உள்ளபடி ஆபத்து நேரத்தக்க நியாயமான வாய்ப்பு உண்டெனக் காட்டுதல் வேண்டும் என்பது அதன் முடிபு.

அவ்வழக்காளருள் ஐவர் 1988 பெப்ரவரியில் கொழும்புக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். நாட்டை விட்டு நீங்கிய பின்னரே மேன்முறையீடு செய்யலாம் என்பது அவர்கள் நிலைக்கு அன்றிருந்த விதி. அவர்தம் சட்டத்தரணிகள் தளராது முறையிட்டனர். 1989இல் அவர்களது அச்சம் ஆதாரமுடையதே எனத் தீர்ப்பாயிற்று; ஐவரும் மீண்டும் பிரித்தானியா சென்றனர். ஆயினும், 1991 ஒக்டோபரில், வில்வராசா வழக்கிலே, திருப்பியனுப்பியது உரிமை மீறலன்று என்றே ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் கூறிற்று. திரும்பியோருட் சிலர் இலங்கையில் துன்புறுத்தப்பட்டிருந்தும், அவரை ஏனைத் தமிழரினின்றும் வேறுபடுத்தும் தனிக்காரணம் முன்னரே புலப்படவில்லை என்பது அதன் நியாயம். நாட்டினுள் இருந்துகொண்டே மேன்முறையிடும் உரிமை 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரித்தானியாவிற் கிடைத்தது.

வடக்கில் ஆபத்து உண்டெனினும் கொழும்பில் வாழலாமே என்பது பிற்காலத்து மறுப்புக்களிற் பெருவழக்காயிற்று. அந்தக் கொழும்பின் நிலை யாது? 2007 யூன் 7ஆந் திகதி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளிலிருந்து 376 தமிழர் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2008 யூலை 17இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், தமிழர் ஒருவரைக் கொழும்புக்கு அனுப்பின் அது சித்திரவதைத் தடைக்கு முரணாகும் என ஒருமனதாகத் தீர்த்தது. முன்னர்க் கைதான பதிவும் உடலின் தழும்புகளும் அங்கே சான்றாயின. தனித்தனியே சிறியனவாகத் தோன்றும் ஏதுக்களையும் ஒருசேர நிறுத்துப் பார்த்தல் வேண்டும் என அந்நீதிமன்றம் வற்புறுத்தியது.

இதனாற் பெறப்படுவது ஒன்று. சட்டத்தரணி அச்சத்தைப் படைப்பவரல்லர். சிதறிக் கிடக்கும் நாள்களையும் இடங்களையும் தழும்புகளையும் நீதிபதி காணுமாறு நிரல்படுத்துபவர். பதிவுத் துண்டும், மருத்துவர் குறிப்பும், பள்ளிச் சான்றிதழும் அவர்க்குக் கருவிகள். பாண்டியன் அவையிலே கண்ணகியின் வழக்கை வென்றது கண்ணீரன்று, சிலம்பேயன்றோ? மாணாக்கர் பதிவேடுகளைப் பேணும் ஆசிரியராகிய நாம் இதனை மறத்தலாகாது.